பூட்டிய கதவின் முன் படுத்த பாயிஜா அம்மையாருக்கு

முதியோர் இல்லங்களின் முன்வாசல் கோலத்தை ரசிக்காமல் பின்வாசல் கதவைப் போய் இழுத்துப் பார்க்கும் பெருந்தகையீர்! மடிப்புக் கலையாத விரிப்பைக் கண்டு மயங்காமல், அதை விலக்கி அடியில் புண்பட்டுக் கிடக்கும் முதுகைத் திருப்பிப் பார்த்த மாண்பினீர்! பன்னீர் தெளித்து வரவேற்ற இடங்களிலெல்லாம் படுத்திருப்பவர்களின் தண்ணீர்க் குவளை எங்கே என்று கேட்ட பண்பினீர்! அன்பளிப்புக்கு அசையாத, அதட்டலுக்கு அஞ்சாத, அறுபது வயதிலும் அலுக்காத எங்கள் ஆய்வு அலுவலர் திருமதி பாயிஜா அவர்களே! நெய்வேலி நகரியத்தின் இந்தச் சமுதாயக் கூடத்தில், நீங்கள் பணி நிறைவு பெறும் இந்நாளில், முதியோர் பராமரிப்பு இல்லங்களின் ஆய்வுப் பிரிவில் உங்களோடு உழைத்த நாங்கள் வணங்கி வாசித்தளிக்கும் மடல் இது.

இதே நடையில் தொடங்கி இதே நடையில் முடித்துவிடுமாறுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டது. மேலிடத்திலிருந்து இரண்டு மாதிரி மடல்கள்கூட வந்து சேர்ந்தன. ஒன்றில் நீங்கள் தென்றல், மற்றொன்றில் தியாகச் சுடர். கூடவே ஒரு யோசனையும் வந்தது. "நல்லதை மட்டும் எழுதுங்க, ஃபங்ஷன்ல யாருக்கும் சங்கடம் வேணாம்." அப்படியே ஆகட்டும் என்று நல்லதை மட்டும்தான் எழுதியிருக்கிறோம். அதைக் கேட்டு யாருக்காவது சங்கடம் வந்தால் அதற்கு நாங்கள் என்ன செய்வது? உங்களோடு ஜீப்பில் வெயிலில் அலைந்தவர்களுக்கு, உங்கள் திட்டு வாங்கியவர்களுக்கு, உங்களைத் தென்றல் என்று சொல்ல வாய் வரவில்லை.

செவிலியப் பயிற்சி முடித்து, அரசு மருத்துவமனை வார்டுகளில் இரவு பகல் பாராமல் பணியாற்றி, பின்னர் இந்தப் பிரிவுக்கு வந்து சேர்ந்தீர்கள். வடலூர், பண்ருட்டி, நெல்லிக்குப்பம் என்று இந்தப் பக்கத்தில் முதியோர் இல்லம் என்ற பலகை தொங்கும் கட்டடம் எதையும் நீங்கள் விட்டுவைத்ததில்லை. சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகளாக இதே நகரியத்துக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர் நீங்கள். இங்கே எந்த வீடும் யாருக்கும் சொந்தமில்லை. பெர்மனென்ட் வேலையில் இருக்கும்வரை குவார்ட்டர்ஸ், ஓய்வு பெற்றால் சாவியை ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். பிள்ளைகளைப் படிக்கவைத்து வெளிநாட்டுக்கு அனுப்பியவர்கள், கடைசியில் கட்டில் ஒன்றும் அலமாரி ஒன்றுமாக இந்த இல்லங்களில் வந்து சேர்கிறார்கள். ஊருக்கெல்லாம் வெளிச்சம் கிடைக்கச் சுரங்கத்தில் வெந்தவர்களை விளக்கு எரியாத அறைகளில் படுக்கவைத்திருக்கிறார்களே என்று ஒருமுறை ஜீப்பில் வரும்போது பொருமினீர்கள். அந்தக் கோபம் உங்களுக்கு ஆறவே இல்லை. ஆறாமல் இருந்ததற்காகவே உங்களைப் பாராட்டுகிறோம்.

ஆய்வு நாள் என்பது இந்த இல்லங்களில் ஒரு நாடகம். எப்படியோ முதல் நாளே அவர்களுக்குச் செய்தி போய்விடும். எங்கள் அலுவலகத்தில் ஓட்டை எங்கே என்று எங்களுக்கும் தெரியும், மேடையில் இருப்பவர்களுக்கும் தெரியும். உடனே ஃபினாயில் வாசம் தெருமுனைவரை வரும். அலமாரியிலிருந்து புது விரிப்புகள் இறங்கும். எழுந்து நிற்க முடியாத பெரியவர்களுக்குக் கட்டாயக் குளியல், கட்டாயப் புன்னகை, கையில் ஆளுக்கொரு ரோஜாப்பூ. எங்களுக்கோ சுடச்சுடப் போண்டா. அதிகாரிகள் போண்டாவைக் கடித்துக்கொண்டே கூடத்தை ஒரு சுற்று வந்து, 'திருப்தி' என்று எழுதிவிட்டுப் போவதுதான் காலங்காலமாக நடந்த முறை. வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில் பார்க்கும் பிள்ளைகளுக்கும் அதே புது விரிப்பைத்தான் காட்டுவார்கள். அந்தப் பிள்ளைகளும் விரிப்பைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போனை வைத்துவிடுவார்கள்.

நீங்கள் மட்டும் போண்டாவைத் தொடமாட்டீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, காலியான ஒரு கட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்வீர்கள். முதன்முறை அதைப் பார்த்தபோது உங்களுக்கு மயக்கம் வந்துவிட்டதென்று எங்கள் அஸ்வின் தண்ணீர் கொண்டுவர ஓடினார். "மயக்கமெல்லாம் இல்லப்பா. இப்ப நான் இங்க இருக்கற நோயாளி. என்னால எந்திரிக்க முடியாது. எனக்குத் தாகமா இருக்கு, என்ன பண்றதுன்னு பாக்கறேன்" என்றீர்கள். படுத்தபடியே கையை நீட்டினால் அழைப்பு மணியின் பொத்தான் எட்டாது. சும்மா சும்மா அடிக்கிறார்கள் என்று அதன் ஒயரைச் சுருட்டி ஆணியில் உயரக் கட்டிவைத்திருப்பார்கள். எட்டினாலும் மணி ஒலிக்காது. ஒலித்தாலும் யாரும் வரமாட்டார்கள். யாராவது வரும்வரை நீங்கள் எழமாட்டீர்கள். வந்து நிற்கும் ஆயாவை ஒருநாளும் திட்டியதில்லை. இத்தனை கட்டிலுக்கு அந்த ஒரு பெண்ணை மட்டும் வேலைக்கு வைத்த முதலாளியைத்தான் கூப்பிட்டு வைத்து வெளுத்து வாங்குவீர்கள்.

அடுத்து வரும் உங்கள் தீ ஒத்திகை. படுத்த இடத்திலிருந்தே, "கிச்சன்ல தீப்பிடிச்சிடுச்சுன்னு வச்சுக்குங்க. என்னை வெளிய கொண்டு போங்க" என்பீர்கள். பலருக்கு எங்கே பிடித்துத் தூக்குவதென்றே தெரியாது. அப்போது நீங்களே கற்றுக்கொடுப்பீர்கள், விரிப்போடு சேர்த்துச் சுற்றி, தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர் பிடித்துத் தரையோடு இழுத்துப் போகும் முறையை. உங்கள் பாரத்தை இழுத்து இழுத்தே இந்த வட்டாரத்து ஆயாக்கள் பலர் அந்த வித்தையில் தேர்ந்தார்கள். அதிகாரி என்றால் நாற்காலியில் உட்கார்ந்துதான் பழக்கம், இப்படித் தரையில் புரண்ட அதிகாரியை நாங்கள் வேறெங்கும் பார்த்ததில்லை.

பண்ருட்டிப் பலாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எங்கள் ஓட்டுநர் ஜெபின் கோபித்துக்கொள்வார். ஆய்வு முடிந்து திரும்பினால் ஜீப்பின் பின்சீட்டில் பலாப்பழம் உட்கார்ந்திருக்கும். வைத்தது யாரென்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நீங்கள் அதைத் திருப்பித் தூக்கிக்கொண்டு அதே இல்லத்துக்குள் போய், அங்கேயே அரிவாள் வாங்கி, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்து அறுத்து, கட்டில் கட்டிலாகச் சுளை கொடுத்துவிட்டு வருவீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு சுளைதான் என்பதில் மட்டும் கறாராக இருப்பீர்கள். ஜெபினுக்குக் கடைசிவரை கொட்டைதான் கிடைத்தது.

இனி வடலூர்ச் சாலையில் இருக்கும் ஒரு இல்லத்தைப் பற்றி. அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. அதன் உரிமையாளர் உங்களுக்குப் போர்த்துவதற்காகப் பொன்னாடையோடு முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்.

அந்த இல்லத்தில் அல்லா பிச்சை என்று ஒரு பெரியவர். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய்விட்டார், மகன் கடல் கடந்து இருக்கிறார், ஞாபகமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுப் போய்விட்டது. ஆனால் விடிந்ததும் முதல் ஷிப்ட் பஸ் வரும் நேரம் மட்டும் அவருக்கு மறக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, காலி டிபன் பாக்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு, பின்வாசல் வழியாகச் சாலைக்குப் போய் நின்றுவிடுவார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், "எனக்கோசரம் அங்க ஒருத்தன் காத்துக்கினு இருப்பான்மா. நான் போனாத்தான் அவன் வூட்டுக்குப் போவ முடியும்" என்பார். ஷிப்ட் வேலை தெரிந்த எல்லோருக்கும் இது புரியும். அடுத்த ஷிப்டுக்காரர் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளும்வரை முந்தைய ஷிப்டுக்காரர் இடத்தை விட்டு நகரக் கூடாது. அப்படி வருகிறவருக்கு இங்கே ரிலீவர் என்று பெயர். இந்தக் கூடத்தில் இருப்பவர்களில் பாதிப் பேர் யாருக்காவது ரிலீவராகப் போனவர்கள்தான்.

ஒருநாள் காலையில் லாரி ஒன்று அந்தப் பெரியவரை உரசிக்கொண்டு போனது. உரிமையாளர் உடனே ஒரு பாதுகாப்பு ஏற்பாடு செய்தார். பின்வாசலின் கிரில் கதவுக்கு ஒரு பெரிய பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்தக் கட்டடத்தின் முன்வழி சமையலறையை ஒட்டிப் போகிறது. அங்கே தீப்பிடித்தால் கூடத்தில் படுத்திருப்பவர்கள் அத்தனை பேருக்கும் பின்வாசல் ஒன்றுதான் வழி. ஒரு பெரியவர் சாலைக்குப் போகாமல் இருக்க, அத்தனை பேரையும் உள்ளே வைத்துப் பூட்டிய புத்திசாலித்தனத்துக்கு என்ன பெயர் வைப்பதென்று எங்களுக்குத் தெரியவில்லை. அதை அவர் 'கூடுதல் பாதுகாப்பு வசதி' என்று விளம்பரப் பலகையில் வேறு எழுதி வைத்திருந்தார்.

சென்ற ஆண்டு அந்த இல்லத்துக் கட்டில் ஒன்றில் நீங்கள் படுத்தீர்கள். முன்பக்கம் தீ என்றீர்கள். அங்கே ஆயாவாக இருக்கும் சரிதாவும் இன்னொருவரும் உங்களை விரிப்போடு இழுத்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்து, பூட்டின் முன்னால் திகைத்து நின்றார்கள்.

"சாவி எங்கம்மா?"

"சார்கிட்ட இருக்குங்க மேடம்."

"சார் எங்க?"

"பண்ருட்டிக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்காருங்க."

"சரி, சாப்பிட்டுட்டு வரட்டும். அதுவரைக்கும் நெருப்பும் காத்துக்கினு இருக்கும்" என்று சொல்லிவிட்டு நீங்கள் தரையிலேயே கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

செய்தி போனதும் உரிமையாளர் பட்டுச் சட்டையும் சந்தனப் பொட்டுமாக ஓடிவந்து, "என்ன மேடம் இது, எந்திரிங்க, பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்று கெஞ்சினார். நீங்கள் எழவில்லை. "எனக்கு எந்திரிச்சு நடக்கத் தெரியும்ங்க. உள்ள இருக்கறவங்களால முடியாது. அவங்க எப்படி வெளிய போவாங்களோ அப்படித்தான் நானும் போவேன்" என்றீர்கள். அவர் பூட்டைத் திறந்தார். விரிப்போடு வாசலைத் தாண்டி முற்றத்தில் உங்களை இறக்கிய பிறகே, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தீர்கள். அன்று மாலையே பூட்டை அகற்றச் சொல்லும் உத்தரவு அவர் கைக்குப் போனது.

"பெரியவர் ரோட்டுக்கு ஓடிட்டா யார் பொறுப்பு?" என்று அவர் கேட்டார். கேள்வி நியாயம்தான். அதற்கு நீங்கள் வாயால் பதில் சொல்லவில்லை. மறுநாள் விடியலிலேயே போய், திறந்த கதவருகே ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு, அல்லா பிச்சையோடு உட்கார்ந்து தேநீர் குடித்தீர்கள். ஷிப்ட் பஸ் கடந்து போனதும், "இன்னைக்கு உங்களுக்கு வீக்லி ஆஃப், அத்தா. உங்க எடத்துக்கு வேற ஆள் போயிட்டாரு" என்றீர்கள். "போயிட்டானா? அப்ப சரி" என்று அவர் எழுந்து இட்லி சாப்பிட உள்ளே போய்விட்டார். அன்று முதல் ஒவ்வொரு விடியலிலும் சரிதா அந்தப் பெஞ்சில் அவரோடு உட்கார்ந்து அதையே சொல்லி வந்தார். அவர் ஒருநாளும் சாலைக்குப் போகவில்லை. ஒரு பெஞ்சும் ஒரு டம்ளர் தேநீரும் அருகில் உட்கார ஓர் ஆளும் போதுமென்று காட்டினீர்கள்.

இதற்காக உங்களுக்குக் கிடைத்தது என்ன? 'கடுமையானவர்' என்ற பெயர். 'அதிகாரிக்குரிய கண்ணியம் இல்லாமல் தரையில் படுக்கிறார்' என்று மேலிடத்துக்குப் போன புகார். உங்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் வந்த பதவி உயர்வு உங்களுக்கு வராமலே போனது. இங்கே வாழ்த்திப் பேசியவர்களில் இருவர், அந்தப் புகாரை விசாரிக்க உங்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்டவர்கள். இன்று அவர்கள் வாயிலிருந்து உங்கள் அர்ப்பணிப்பைப் பற்றிக் கேட்டபோது எங்களுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரியாதைக்குக்கூடக் கைதட்டாமல் உட்கார்ந்திருந்தோம்.

சென்ற வாரம் உங்கள் கடைசி ஆய்வு. அதே இல்லத்துக்குப் போனோம். பெஞ்சைக் காணோம். சரிதாவைக் காலை நேரத்தில் சமையலறைக்கு மாற்றியிருந்தார்கள். கிரில் கதவில் புத்தம் புதுப் பூட்டு, கடையில் ஒட்டிய விலைச் சீட்டுகூடக் கிழிக்கப்படாமல் தொங்கியது. நீங்கள் போகும்வரைக்குமாவது காத்திருக்கும் நாகரிகம் அவர்களுக்கு இல்லை. உரிமையாளர் சிரித்த முகமாக வந்து, "இன்னும் ஒரு வாரம்தானே மேடம், எதுக்கு டென்ஷன்? நல்லபடியா ரிட்டையர் ஆகுங்க. பொன்னாடை நம்ம சார்புலதான்" என்றார்.

மூட்டு வலியால் மாடிப்படி ஏறுவதையே விட்டிருந்த நீங்கள், மறுபடியும் அந்தக் கட்டிலில் ஏறிப் படுத்தீர்கள். மறுபடியும் விரிப்போடு இழுக்கச் சொன்னீர்கள். மறுபடியும் பூட்டின் முன்னால் தரையில் கிடந்தீர்கள். இந்த முறை சாவி வரவே இல்லை. உரிமையாளர் அலுவலக அறையில் உட்கார்ந்து யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். வெயில் ஏறிக் கிரில் கம்பியின் நிழல் உங்கள் முகத்தில் விழுந்தது. அப்போது அல்லா பிச்சை டிபன் பாக்ஸோடு மெல்ல நடந்து வந்து உங்களைக் குனிந்து பார்த்தார்.

"என்னாம்மா, டூட்டி முடியலியா?"

"முடியப் போகுது அத்தா. வீட்டுக்குப் போகணும்."

"ரிலீவர் வரலியா?"

"வரலைங்க."

"அப்ப எழுந்திரிக்காத. ரிலீவர் வராம எடத்த வுட்டுப் போவக் கூடாது. நானும் ஒக்காந்துக்கினு இருக்கேன்."

சொன்னபடியே சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். எத்தனையோ புகார்களுக்கும் அதட்டல்களுக்கும் கலங்காத உங்கள் கண் அப்போதுதான் கலங்கியதைப் பார்த்தோம். மதியச் சோறு நேரம் தாண்டிய பிறகு, நடக்க முடிந்த முதியவர்கள் சுற்றி நின்று போட்ட சத்தம் தாங்காமல் சாவி வந்தது. அடுத்த மாதம் அந்த இல்லத்தின் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். நீங்கள் போய்விட்டால் அது தானாகக் கிடைத்துவிடும், அதுவரை பொறுத்தால் போதுமென்று உரிமையாளர் தரப்பில் பேசிக்கொண்டது எங்கள் காதில் விழுந்தது.

அவர்கள் அப்படி நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் இடத்துக்கு இன்றுவரை ஆள் போடவில்லை. போடப்போவதும் இல்லையாம். வேறு பிரிவு அலுவலர் ஒருவர் கூடுதலாகக் கவனித்துக்கொள்வாராம். அவருக்கு நேரில் வர நேரமில்லை என்பதால், இல்லங்கள் தாங்களே போட்டோ எடுத்து அனுப்பினால் போதுமாம். போட்டோவில் மூத்திர வாடை தெரியுமா? மணி ஒலிக்கிறதா என்று போட்டோவில் கேட்குமா? கதவைத் திறந்து வைத்துப் படம் எடுத்துவிட்டுப் பூட்டிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? இந்தக் கேள்விகளை எழுத்தில் கேட்டோம், பதில் வரவில்லை. எனவே இன்று ஒலிபெருக்கியில் கேட்கிறோம்.

அம்மையீர்! ஆய்வு உதவியாளர்களாகிய எங்களுக்கு அதிகாரம் கொஞ்சம்தான். ஆனால் உள்ளே போய்ப் பார்க்கும் அதிகாரம் இருக்கிறது, பார்த்ததை அப்படியே எழுதிக் கையெழுத்திடும் கடமையும் இருக்கிறது. பூட்டு இருக்கும்வரை அந்த இல்லத்துக்கு எங்கள் கையெழுத்துக் கிடையாது. நாளைக் காலை முதல் ஷிப்ட் பஸ் வரும் நேரத்தில் அஸ்வின் அந்தக் கட்டிலில் படுப்பார். விரிப்பின் தலைமாட்டை எங்கள் சண்முகப்பிரியாவும் கால்மாட்டைச் சரிதாவும் பிடிப்பார்கள். கதவு திறந்திருந்தால் முற்றத்துக்கு வருவோம். பூட்டியிருந்தால் அங்கேயே கிடப்போம். முன்வரிசையில் பொன்னாடையோடு இருப்பவருக்கு ஒரு வார்த்தை. ஆய்வுத் தேதியை முன்கூட்டிச் சொல்லும் பழக்கம் எங்கள் அம்மையாருக்கு இல்லை. இந்த ஒருமுறை மட்டும், ஊரறிய, நாங்கள் சொல்லிவிட்டு வருகிறோம். வரும்போது பெஞ்சையும் நாங்களே ஜீப்பில் கொண்டு வருகிறோம்.

நீங்கள் நோயின்றி, மூட்டு வலி தீர்ந்து, பேரப்பிள்ளைகள் சூழ நெடுநாள் வாழ வேண்டும். நீங்களும் ஒருநாள் முதுமையில் தளர்ந்து படுக்கையில் கிடக்க நேர்ந்தால், கை நீட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கட்டும். மணி அடித்தால் ஆள் வரட்டும். கதவு எப்போதும் திறந்திருக்கட்டும். அதைப் பார்த்துக்கொள்வது இனி எங்கள் வேலை.

இடத்தை விட்டுப் போகக் கூடாது என்று அல்லா பிச்சை உங்களிடம் சொன்னதை நாங்கள் பக்கத்தில் நின்று கேட்டோம். அவரிடம் நாளைக்குச் சொல்லிக்கொள்கிறோம். உங்களிடம் இன்றே சொல்லிவிடுகிறோம்.

ரிலீவர் வந்துவிட்டோம் அம்மா. நீங்கள் வீட்டுக்குப் போகலாம்.

நெய்வேலி நகரியம்

உங்கள் பிரிவின் ஊழியர்கள்,
சண்முகப்பிரியா, அஸ்வின் (ஆய்வு உதவியாளர்கள்)
ஜெபின் (ஓட்டுநர்)

வேலை போனாலும் பரவாயில்லை, தன் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டதால்,
சரிதா (ஆயா)